கான் அடைபட்டால் மலை சரியும்

இயற்கை நமக்குக் கற்றுத்தரும் திறந்த மனமும் உரையாடலும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியபோது, ஊவாவின் மலைகள் மீண்டும் ஒருமுறை சரிந்தன. நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் ஓடி வந்தன. இவ்வரிகளை வாசிக்கும் உங்களில் பலர் அந்த இரவை நேரில் கண்டவர்கள். ஆகவே அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நான் கேட்ட ஓர் உரையாடலை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

லயத்தின் பின்புறம் சிறிய மரக்கறித் தோட்டம் செய்துவந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். வீடும் தோட்டமும் மண்ணுக்குள் போயின. ஐந்து பேரும் உயிர் தப்பினர். என்னோடு பேசிக்கொண்டிருந்த கணவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்:

“குசினிக்குப் பின்னால நெலத்துல கீறல் விழுந்தத ரெண்டு நாளைக்கு முன்னமே பாத்துட்டேன் சாமி. இவ பயந்துருவாளேனு சொல்லல.”

பக்கத்தில் பிள்ளைக்குத் தலைவாரிக் கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

“நானுந்தாங்க பாத்தேன். பீலிக்குப் போறப்ப பாத்தேன். சொன்னா, சும்மா பயமுறுத்தாதனு ஏசுவீங்கனு பேசாம இருந்துட்டேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து உண்டு, ஒரே கீறலைப் பார்த்துவிட்டு, இரண்டு நாட்கள் இருவரும் மௌனமாக இருந்திருக்கின்றனர். ஒருவர் மௌனத்துக்குக் காரணம் அன்பு. மற்றவர் மௌனத்துக்குக் காரணம் அச்சம். விளைவு ஒன்றுதான். அவர்களைக் காப்பாற்றியது பதினான்கு வயது மூத்த மகள். அன்றிரவு படுக்கப் போகும்போது, “அப்பா, கதவச் சாத்த முடியலயே, நெல கோணிக்கிட்டு நிக்குது” என்று அவள் உரக்கச் சொன்னாள். அப்போதுதான் தகப்பன் எழுந்து எல்லோரையும் வெளியே கூட்டிச் சென்றார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாள் மௌனத்தைப் பற்றியது.

மண் சொல்லும் பாடம்

மலை ஏன் சரிகின்றது? மழை பெய்வதால் என்போம். அது பாதி உண்மையே. மழை பெய்யும் எல்லா மலைகளும் சரிவதில்லை. சரிவான நிலத்தில் மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு இடையே சிறு சிறு இடைவெளிகள் உண்டு. மழைநீர் அந்த இடைவெளிகளுக்குள் இறங்குகின்றது. இறங்கிய நீர் வெளியேற வழியிருந்தால் தீங்கில்லை. வழியில்லாதபோது நீர் உள்ளேயே தேங்கி, நாலா பக்கமும் அழுத்தத் தொடங்குகின்றது. அந்த அழுத்தம் கூடக்கூட மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கின்றது. நிலத்தின் பாரமும் ஏறுகின்றது. கடைசியில், நேற்றுவரை பாறைபோல் நின்ற நிலம் கூழாகி ஓடுகின்றது.

மேலிருந்து பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. மேலே புல் பச்சையாகவே இருக்கும். தேயிலை கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஒவ்வொரு தேயிலை மலையிலும் கான் வெட்டினார்கள். கான் வெட்டு என்பது தோட்டத்தின் முக்கியமான வேலைகளுள் ஒன்றாக இருந்தது. மலையின் குறுக்கே, சிறு சாய்வோடு, இடையிடையே தடுப்பு விட்டு வெட்டிய அந்தக் கான்களைக் கவனித்திருப்பீர்கள். அடித்துவரும் மண் தடுப்பில் தங்கும். நீர் மட்டும் தடுப்பின்மேல் வழிந்து ஓடும். மண்ணைக் காத்து, நீரைப் போகவிடுவதே கானின் வேலை. கான்கள் கவனிப்பாரின்றித் தூர்ந்துபோன மலைகளில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பமும் ஒரு மலைச்சரிவுதான். தினமும் ஏதோவொரு மழை பெய்கின்றது. சம்பளம் போதவில்லை, பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டான், மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், கணவர் குடித்துவிட்டு வந்தார், நிவாரணப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் இருக்கிறது, நம் பெயர் இல்லை. இந்த மழையை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் அது வெளியேறக் கான் வெட்டலாம். பேச்சுத்தான் அந்தக் கான். பேசாமல் அடக்கிய மனத்தாங்கல் மறைந்துவிடுவதில்லை. உள்ளே இறங்கித் தேங்குகின்றது. பிறகு ஒருநாள் உப்புக் கூடிப்போன குழம்புக்காக ஒரு குடும்பமே சரிகின்றது. சரிவுக்குக் காரணம் உப்பல்ல. பல மாதங்களாகத் தேங்கிய நீர்.

கானின் தடுப்பையும் மறவாதீர்கள். நீரை விடுவதற்காக மண்ணையும் சேர்த்து ஓடவிடுபவன் நல்ல விவசாயி அல்ல. மனத்திலுள்ள குறையைச் சொல்லும்போது மற்றவரின் மரியாதையையும் அடித்துக்கொண்டு போகும்படி சொல்வது உரையாடல் ஆகாது. குறை வெளியேற வேண்டும். மரியாதை தங்க வேண்டும்.

மீரியபெத்தையில் நின்றுபோன பேச்சு

2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில், ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களில் சிலருக்குப் பெற்றோர் இல்லை, வீடும் இல்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

அந்த நிலம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. பிறகு ஏன் மக்கள் அங்கேயே இருந்தனர்? அனர்த்தத்தின் பின் ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைக் குறை சொன்னது. சொன்னோம், கேட்கவில்லை என்றது ஒரு தரப்பு. எங்கே போகச் சொன்னீர்கள், காணி தந்தீர்களா, வீடு தந்தீர்களா என்று கேட்டது மறு தரப்பு.

இரண்டையும் நிதானமாக எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அங்கே அறிவித்தல் நடந்தது, உரையாடல் நடக்கவில்லை. அறிவித்தல் ஒருவழிப் பாதை. ‘எழுந்து போங்கள்’ என்பதோடு அது முடிந்துவிடும். ‘போவதற்கு உங்களுக்கு என்ன தடை?’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, அந்தப் பதிலுக்கேற்பத் தானும் அசைந்து கொடுப்பதே உரையாடல். மாற்றுக் காணியும் வீடும் இல்லாத எச்சரிக்கை, வேலைத்தலத்தை விட்டுப் போக முடியாத தொழிலாளியின் காதில் எப்படி ஏறும்? உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெருக்கமாகத் தங்கிக் காத்திருந்தனர். பூனாகலை மாகல்தெனியவில் 75 வீடுகள் 2016 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டன. அதே பூனாகலைப் பகுதியின் கபரகலையில் 2023 மார்ச்சில் மீண்டும் லயங்கள்மீது மண் சரிந்தது.

இது நமக்குப் புதிய அனுபவமல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியபோது அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோதும் அவர்களிடம் கேட்கவில்லை. நம்மைப் பற்றிப் பேசினார்கள், நம்மோடு பேசவில்லை. அந்த வேதனையை நன்றாக அறிந்த நாம், நம் வீட்டுக்குள் அதையே செய்யலாமா? மகளின் படிப்பைப் பற்றி மகளோடு பேசாமல் முடிவெடுப்பதும், மனைவியின் நகையை மனைவியிடம் கேட்காமல் அடகு வைப்பதும் அதே காரியத்தின் சிறிய உருவங்கள் அல்லவா?

வீடிழந்த தேனீக்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல ஆசிரியர் தேனீ. கூடு நிறைந்துவிட்டால், பழைய இராணித் தேனீயும் ஆயிரக்கணக்கான தேனீக்களும் கூட்டை விட்டு வெளியேறி, ஒரு மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். அந்த நேரத்தில் அவற்றுக்கு வீடில்லை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஒரு வகையில் அதுவும் ஓர் இடைத்தங்கல் முகாம்.

மார்ட்டின் லின்டவர் என்னும் ஜேர்மானிய ஆராய்ச்சியாளர், இரண்டாம் உலகப் போரில் இடிந்துபோன மியூனிக் நகரில் 1949ஆம் ஆண்டளவில் இப்படி ஒரு கொத்தைக் கவனித்தார். கொத்தின் மேல் சில தேனீக்கள் நடனமாடிக்கொண்டிருந்தன. பூவிலிருந்து வந்தவை என்றால் மகரந்தம் ஒட்டியிருக்கும். இவற்றின்மீதோ புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. இடிபாடுகளுக்குள் புகுந்து புதிய வீடு தேடிவிட்டு வந்த ஒற்றர்கள் அவை என்பதை அவர் கண்டறிந்தார். பின்னாளில் அமெரிக்காவின் தோமஸ் சீலி இவ்வாராய்ச்சியை மேலும் விரிவாக நடத்தினார்.

அவர்கள் கண்டது இதுதான். பல ஒற்றர்கள் பல திசைகளில் போய், பல இடங்களைப் பார்த்துவிட்டு வருகின்றன. ஒவ்வொன்றும் தான் கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் நடனத்தால் சொல்கின்றது. நல்ல இடத்தைக் கண்டது அதிக நேரம் ஆடும். சுமாரான இடத்தைக் கண்டது விரைவில் நிறுத்திவிடும். நடனத்தைக் கண்ட மற்றத் தேனீக்கள் அப்படியே நம்பிவிடுவதில்லை. தாமே பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆதரிக்கின்றன. போதிய எண்ணிக்கையான தேனீக்கள் ஓர் இடத்தில் கூடிய பின்னரே கொத்து முழுவதும் எழுந்து பறக்கின்றது. இராணி கட்டளை இடுவதில்லை.

புதிய காணி எங்கே, எந்தக் குடும்பம் எந்தத் துண்டில், தண்ணீர் எப்படி என்ற முடிவுகளை எடுக்கவேண்டிய வேளை இது. நம் முகாம்களில் யார் பேசுகின்றனர்? உரத்த குரல் உள்ள நான்கைந்து ஆண்கள். தினமும் தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டோமா? நடக்க முடியாத முதியவரிடம் பாதையைப் பற்றிக் கேட்டோமா? காணியைக் காட்டுகிறோம் என்று அதிகாரிகள் சொன்னால், தேனீபோல் நாமே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசினோமா, அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றோமா?

வேர் விடும் அழைப்பு

கௌப்பி, பயறு, போஞ்சி போன்றவற்றைப் பயிரிட்டவர்களுக்கு வேரிலுள்ள சிறு முடிச்சுகள் தெரிந்திருக்கும். அவற்றைப் பூச்சி என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அந்த முடிச்சுகளுக்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுப்பவை அவையே. செடி பதிலுக்குச் சீனிச்சத்துக் கொடுக்கின்றது.

இந்த உறவு எப்படி ஆரம்பிக்கின்றது? செடியின் வேர் ஒருவகை இரசாயனப் பொருளை மண்ணில் கசியவிடுகின்றது. அது ஓர் அழைப்பு. பொருத்தமான நுண்ணுயிர் அதை உணர்ந்து, தன் பங்குக்கு வேறொரு பொருளை வெளிவிட்டு விடை சொல்கின்றது. அந்த விடையை அடையாளம் கண்ட பின்னரே வேர்மயிர் வளைந்து வழிவிடுகின்றது. கேள்வி, பதில், திறப்பு. கண்ணும் காதும் வாயும் இல்லாத இரு உயிர்கள் இருட்டில் இதைச் செய்து முடிக்கின்றன. ஒரு முடிச்சைப் பிடுங்கி வெட்டிப் பாருங்கள்; உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உறவு உயிரோடு இருக்கின்றது என்று பொருள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மண்ணில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வேண்டியதெல்லாம் கையில் இருக்கும்போது பிறரை அழைக்க அது முனைவதில்லை. மனிதருக்கும் இது பொருந்தும். எல்லாம் எனக்குத் தெரியும் என்பவர் எவரையும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் இழந்து நிற்கும் இந்த நாட்கள் துன்பமான நாட்கள்தான். ஆனால் ஒருவர் மற்றவருக்குத் தேவை என்பதை உணர இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை.

திறக்கவும் மூடவும் தெரிந்த இலை

திறந்த மனம் என்றவுடன் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணக்கூடாது. தேயிலை இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல உண்டு. அவற்றின் வழியேதான் இலை காற்றை உள்ளே எடுக்கின்றது. அதே வழியாக நீரையும் இழக்கின்றது. வரட்சி வந்தால் துளைகளை மூடிக்கொள்கின்றது. எந்நேரமும் மூடியே இருக்கும் இலை பட்டினி கிடக்கும். எந்நேரமும் திறந்தே இருக்கும் இலை வாடிவிடும்.

திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1964 ஆகஸ்ட் 6இல் வெளியிட்ட தமது முதலாவது சுற்றுமடலில், உரையாடலுக்குத் தெளிவு, சாந்தம், நம்பிக்கை, விவேகம் ஆகிய நான்கு பண்புகள் வேண்டும் என்றார். நான்காவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். யாரிடம், எப்போது, எவ்வளவு என்று அறிவதும் உரையாடலின் பகுதியே. குடிபோதையில் இருப்பவரிடம் நியாயம் பேசுவது பயனற்றது, காலையில் பேசலாம். ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை முகாம் முழுவதும் பரப்புவது துரோகம்.

அடியும் உதையும் வாங்கும் பெண்ணிடம், “பொறுமையாகப் பேசிப் பார்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம் என்றே கருதுகிறேன். அச்சம் உள்ள இடத்தில் உரையாடல் இல்லை. முதலில் அவள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். மகளிருக்கான 1938 என்னும் உதவி இலக்கத்தை ஒவ்வொரு பெண்ணும் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது. அந்த இலக்கத்தோடு பேசுவதும் ஒரு கான் வெட்டுத்தான்.

புத்தலையில் ஒரு குடிசை

மதம் வேறு, மொழி வேறாக இருப்பவர்களோடு உரையாட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நம் ஊவாவிலேயே ஒரு விடை உண்டு. அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். 1927இல் பிறந்தவர். ஐரோப்பாவில் முனைவர் பட்டம் பெற்று, அம்பிட்டிய தேசிய குருமடத்தில் கற்பித்தவர். பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது அதன் முதல் ஆயரான லியோ நாணயக்கார, பண்டாரவளையில் சேவக செவன என்னும் பயிற்சி இல்லத்தை நடத்தினார். மைக்கல் அடிகள் அங்கே பணியாற்றினார். 1980இல் அங்கிருந்தும் கீழிறங்கி, கீழ் ஊவாவின் புத்தலைக்கு அருகிலுள்ள அலுகலவிட்டவில், முழுக்க முழுக்கப் பௌத்தரான ஏழை விவசாயிகள் நடுவே ஒரு சிறு வீட்டில் குடியேறினார். அதன் பெயர் ‘சுப செத் கெதர’.

மதம் மாற்ற வந்தார் என்று தொடக்கத்தில் சந்தேகப்பட்டனர். அவர் வாதாடவில்லை. அம்மக்களோடு வாழ்ந்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார், பிக்குமாரோடு நட்புக் கொண்டார், மூலிகை வைத்தியத்தை ஊக்குவித்தார், கரும்புச் செய்கைக்காகக் காணி இழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். சந்தேகம் மெல்ல மெல்லக் கரைந்தது. 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தச் சிறு வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக் கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் துப்பாக்கிகள் பேசிய காலம் அது.

அவர் தோற்றுவிட்டாரா? விதைக்கப்பட்ட விதையைப் பார்த்து அப்படி எவரும் கேட்பதில்லை. திறந்த மனத்துக்கு விலை உண்டு என்பதை மட்டும் அவரது மரணம் நமக்கு மறைக்காமல் சொல்கின்றது. இன்று நம் முகாமுக்கு அரிசி கொண்டுவந்த சிங்களக் கிராமத்தவரிடம் அரைகுறைச் சிங்களத்தில் நாம் பேசும் நான்கு வார்த்தையும், அவர் அரைகுறைத் தமிழில் சொல்லும் பதிலும் அந்த வழியின் தொடர்ச்சியே. அவருடைய வயலையும் அதே வெள்ளந்தான் அள்ளிக்கொண்டு போனது.

என் பிழை

இவ்வளவையும் எழுதும் நான் உரையாடலில் தேர்ந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவ எண்ணி, நல்ல கோவா நாற்றுகளைப் பெருந்தொகையாக வாங்கிக்கொண்டு போனேன். எப்படி நடுவது என்று நானே விளக்கினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு வாரங்களில் நாற்றுகள் கருகிவிட்டன. அங்கிருந்த ஒரே பீலி குடிநீருக்கே போதாது. “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று சற்றுக் கோபத்தோடு கேட்டேன். ஒரு பாட்டி அமைதியாகச் சொன்னார்: “நீங்க கேக்கவே இல்லையே சாமி.”

அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னோடு வருகின்றது. மாற்கு நற்செய்தியில், காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசு குணப்படுத்துகிறார். முதலில் திறந்தது அவரது காது. அதன் பின்னரே நாவின் கட்டு அவிழ்ந்தது. திருவள்ளுவரும் ‘கேள்வி’யை 42ஆம் அதிகாரமாகவும் ‘சொல்வன்மை’யை 65ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். இந்த வரிசையைத்தான் நான் மாற்றிவிட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

1. வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம், குடும்பமாக உட்காருங்கள். தொலைபேசிகளை ஒதுக்கி வையுங்கள். இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரும் இந்த வாரம் தம்மை மகிழ்வித்த ஒன்றையும் வருத்திய ஒன்றையும் சொல்லட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம்.

2. பதில் சொல்லுமுன், கேட்டதைத் திரும்பச் சொல்லுங்கள். “நீ சொல்வது இதுதானா?” என்ற ஒரு கேள்வி பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

3. நிலத்தில் காணும் அறிகுறியை ஒளிக்காதீர்கள். புதிய கீறல், சாயும் மரமும் கம்பமும், திடீரெனக் கோணும் நிலைகதவு, புதிதாகப் பொங்கும் ஊற்று, வழக்கமான ஊற்று கலங்குவது அல்லது திடீரென நின்றுபோவது ஆகிய எல்லாம் மலை பேசும் மொழி. கண்டவுடன் வீட்டாருக்கும் அயலவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

4. மழையை அளந்து பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் விழிப்பு. 100க்கு மேல் என்றால் வெளியேற ஆயத்தம். 150க்கு மேல், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75க்கு மேல் என்றால் உடனே வெளியேற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் பகுதிக்கான எச்சரிக்கை வந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் அறிகுறி கண்ட இடத்தில் எந்த அளவுக்காகவும் எச்சரிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

5. முகாம் கூட்டங்களில் பெண்கள், முதியோர், இளைஞர் ஆகியோரின் கருத்தைக் கேட்ட பின்னரே முடிவெடுங்கள்.

குழுவாகக் கூடிச் சிந்திக்க

- என் வீட்டில் நான் கண்டும் சொல்லாமல் இருக்கும் ‘கீறல்’ எது? சொல்லவிடாமல் தடுப்பது அன்பா, அச்சமா?
- என்னிடம் உண்மையைச் சொல்ல என் பிள்ளைகள் பயப்படுகிறார்களா?
- புதிய குடியிருப்பில் நம் அயலவராக வரப்போகும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களோடு நாம் தொடங்கக்கூடிய முதற் பேச்சு எது?

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். இன்னும் தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள். காணி கிடைக்கவில்லை. கொட்டிலைச் சுற்றிக் கணவர் ஒரு கான் வெட்டியிருந்தார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள். அவர் மண்வெட்டியால் தூரெடுக்க, மனைவி சருகுகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கயாச்சும் கீறல் இருக்கா புள்ள?” என்று கேட்டார் அவர்.

“அந்த மூலையில மண்ணு கொஞ்சம் எறங்கியிருக்குங்க. வந்து பாருங்க.”

அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார்.